பள்ளிக்கூடம் போகாத பாப்பம்மாள் பாட்டி!



உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பாட்டிக்கு என்னவெல்லாம் தெரியும்? உடனே பதில் சொல்ல வேண்டாம். யோசித்துக் கொண்டே இதைப் படியுங்கள். கடைசியில் மறுபடியும் கேட்பேன்.

நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தபோது ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டேன். 'என் பாட்டி' என்று தலைப்புக் கொடுத்து, பத்து வரி எழுதி வரச் சொன்னேன். மறுநாள் காலையில் நோட்டுகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. 'என் பாட்டி நன்றாக முறுக்குச் சுடுவார்', 'என் பாட்டி கதை சொல்லித் தூங்க வைப்பார்' என்று பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு நோட்டில் மட்டும் இரண்டே வரி.

'எங்க ஆத்தா படிக்கவில்லை. அவங்களுக்கு ஒன்றும் தெரியாது.'

நம் கொங்கு நாட்டில் பாட்டியை ஆத்தா என்று கூப்பிடுவோம். அம்மாவைப் பெற்ற பாட்டி என்றால் அம்மிச்சி. தாத்தாவை அப்பாரு, அப்பிச்சி என்போம். வெளியூர்க் குழந்தைகள் தெரிந்து கொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த மாணவனைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"ஏன் கண்ணு, மீதி எட்டு வரி எங்கே?"

"அவ்வளவுதானுங் டீச்சர். எங்க ஆத்தா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலீங். கைநாட்டுங்."

தலையைக் குனிந்து கொண்டே சொன்னான். அவன் குறும்புக்காக எழுதவில்லை. மற்றவர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டான், அவ்வளவுதான். எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த வெட்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தூக்குப்போசியும் ஒரு பொய்யும்

1970-களின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தேன். அம்மிச்சி வீட்டில் தங்கியிருந்து, ஐந்து கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டை மறந்து விட்டுப் போய்விட்டேன்.

மதிய மணி அடித்தது. வெளியே வந்தால், கேட் அருகே அம்மிச்சி நிற்கிறார்! காலில் செருப்பு இல்லை. காட்டு வேலைக்குக் கட்டுகிற பழைய சேலை. முழங்கால் வரை செம்மண் புழுதி. கையில் தூக்குப்போசி. அதற்குள் கம்பஞ்சோறு, மோர், நாலு சின்ன வெங்காயம். ஐந்து கிலோமீட்டரையும் வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்.

கூட இருந்த டவுன் தோழிகள், "யாருடி அது?" என்று கேட்டார்கள். நான் சட்டென்று, "எங்க தோட்டத்துல வேலை செய்யறவங்க" என்று சொல்லி விட்டேன்.

அது அம்மிச்சி காதில் விழுந்து விட்டது. ஒரு தோழி அவரிடமே கேட்டும் விட்டாள்: "ஏனுங், நீங்க இவங்க தோட்டத்துலயா வேலை செய்யறீங்க?"

அம்மிச்சி சிரித்தார். "ஆமா கண்ணு, நாப்பது வருசமா அங்கதான் வேலை செய்யறேன்" என்றார். போசியை என் கையில் கொடுத்தார். "மோரு புளிச்சுப் போறதுக்குள்ள சாப்பிட்டுரு சாமி" என்று சொல்லி விட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

அவர் சொன்னது பொய்யே இல்லை. அவருடைய தோட்டத்தில் அவர்தான் நாற்பது வருடமாக வேலை செய்தார். என்னைக் காட்டிக் கொடுக்காமல், உண்மையும் பேசி விட்டுப் போனார். அன்று மாலை வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும் வரை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த மதியம் மட்டும் மறக்கவில்லை.

அதனால்தான் அந்த மாணவனைத் திட்டவில்லை. 'படிக்காதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே' என்று அவனுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று வேண்டியிருந்தது. அன்று என்னிடம் இல்லை. பிறகு 2021-ஆம் ஆண்டு செய்தித்தாளைப் பிரித்தபோது அந்தக் கதை கிடைத்தது. நம் கோவை மாவட்டத்திலேயே, பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில்தான் அந்தக் கதையின் நாயகி அத்தனை வருடமும் இருந்திருக்கிறார்! எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் பெயர் பாப்பம்மாள்.

பாட்டி வளர்த்த பாட்டி

கோவையிலிருந்து ஊட்டிக்குப் போகும் பாதையில் காரமடை, அதைத் தாண்டினால் மேட்டுப்பாளையம். மலை ரயில் புறப்படுமே, அந்த ஊர்தான். அதன் அருகில், நீலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள கிராமம் தேக்கம்பட்டி. பவானி ஆற்றங்கரையில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் நடத்தினார்களே, யானைகள் ஷவரில் குளிக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த முகாம் பல ஆண்டுகள் நடந்த இடமும் இதே தேக்கம்பட்டிதான்.

பாப்பம்மாள் பிறந்தது 1914-ஆம் ஆண்டு, தேவலாபுரம் என்ற ஊரில். முதல் உலகப்போர் தொடங்கிய ஆண்டு அது. சிறு வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இறந்து விட்டார்கள். அவரையும் அவருடைய சகோதரிகளையும் தேக்கம்பட்டியில் வளர்த்து ஆளாக்கியது யார் தெரியுமா? அவர்களுடைய அப்பாவைப் பெற்ற பாட்டிதான்! பிற்காலத்தில் நாடே பாட்டி என்று அழைத்த ஒருவரை வளர்த்தவரும் ஒரு பாட்டி. அந்தப் பாட்டியை ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

பாப்பம்மாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தக் காலத்தில் அது அதிசயம் இல்லை. 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். உங்கள் பள்ளியில் நூறு மாணவிகள் வரிசையில் நிற்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒருவர் கையில் மட்டும் புத்தகம். மீதி 99 பேர் கையிலும் ஒன்றும் இல்லை. கெட்டிக்காரத்தனம் இல்லாததால் அல்ல. அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

பல்லாங்குழிக் கணக்கு

பள்ளிக்கூடம் போகாமல் கணக்கு எப்படி வந்தது? பல்லாங்குழி விளையாடித்தான் எண்ணக் கற்றுக் கொண்டேன் என்று பாப்பம்மாள் பாட்டியே சொல்லியிருக்கிறார்.

பல்லாங்குழி விளையாடியிருக்கிறீர்களா? பலகையில் ஒரு பக்கம் ஏழு குழி, எதிர்ப்பக்கம் ஏழு குழி. மொத்தம் 14. ஒரு குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் எத்தனை வேண்டும்? 14 X 5 = 70. வாய்ப்பாடு வந்து விட்டதா?

இனி ஆட்டம். ஒரு குழியில் உள்ள காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே போக வேண்டும். நாலாவது குழியில் ஐந்து காய் இருக்கிறது. அதை எடுத்தால் கடைசிக் காய் எந்தக் குழியில் விழும்? 4 + 5 = 9. ஒன்பதாவது குழி. இதைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பவர் தோற்பார். கையில் அள்ளும் முன்பே மனசுக்குள் கணக்குப் போடுபவர் ஜெயிப்பார். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அதற்குப் பெயர் பசு. அதை எடுத்துக் கொள்ளலாம். எதிராளிக்கு எங்கே பசு விழப் போகிறது என்றும் கவனிக்க வேண்டும். கூட்டல், பெருக்கல், முன்யோசனை மூன்றும் இந்த விளையாட்டுக்குள் இருக்கின்றன.

இந்தக் கணக்கு பாப்பம்மாளுக்குப் பிறகு மிகவும் உதவியது. தேக்கம்பட்டியில் குடும்பத்துக்கு இருந்த மளிகைக் கடை அவர் பொறுப்புக்கு வந்தது. சாப்பாட்டுக் கடையும் நடத்தினார்.

அந்தக் காலத்து மளிகைக் கடைக் கணக்கு இன்றையதைப் போல எளிது அல்ல, குழந்தைகளே! ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. எடை என்றால், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. நான் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு படி தானியம் மூன்று அணா என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் ஏழு படி வாங்கி, இரண்டு ரூபாய் கொடுக்கிறார். பாக்கி எவ்வளவு? பேனா எடுக்கக் கூடாது!

ஏழு படிக்கு 21 அணா. இரண்டு ரூபாய் என்பது 32 அணா. பாக்கி 11 அணா. நீங்கள் சொல்வதற்குள், அந்தக் காலத்துக் கடைக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுத்திருப்பார்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தக் காசுக் கணக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று அரசு கொண்டு வந்தது. ஓர் அணா என்பது ஆறேகால் காசு. நாடு முழுவதும் கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் பழைய கணக்கை விட்டு, புதியதைக் கற்றுக் கொள்ள வேண்டி வந்தது. அப்போது பாப்பம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கடையில் சேர்த்த பணத்தில் நிலம்

கடையிலிருந்து கிடைத்த வருமானத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பாப்பம்மாள் நிலம் வாங்கினார். மொத்தம் பத்து ஏக்கர். ஆறு கால்பந்து மைதானங்களுக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் விவசாயி ஆனார். பின்னாளில் வயது ஆக ஆக, அந்த நிலம் இரண்டரை ஏக்கராகக் குறைந்தது. ஆனால் அந்த இரண்டரை ஏக்கரில் நூறு வயதுக்குப் பிறகும் தானே இறங்கி வேலை செய்தார்.

1959-ஆம் ஆண்டு தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டும். இன்று உள்ளாட்சியில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2016-இல் அது 50 சதவீதமாக உயர்ந்தது. 1959-இல் அந்தச் சட்டத் திருத்தம் வந்திருக்கவில்லை. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பேசிப் பழகிய இடத்தில், பள்ளிக்கூடம் போகாத ஒரு மளிகைக் கடைக்காரப் பெண்மணி போய் உட்கார்ந்தார்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பாட்டி

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, பிறகு கோவைக்கு மாறி, 1971-இல் பல்கலைக்கழகம் ஆனது. பட்டம் படிக்கும் மாணவர்கள் மட்டுமல்ல, விவசாயிகளும் அங்கே பயிற்சிக்குப் போகலாம். பள்ளிக்கூடம் போகாத பாப்பம்மாள் பாட்டி, அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்! பயிற்சிகளிலும் கருத்தரங்குகளிலும் உட்கார்ந்து, இயற்கை விவசாயத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்து கொண்டார். தன் அனுபவத்தை மற்றவர்களுக்கும் சொன்னார்.

உங்களில் சிலர், 'பெரிய பரீட்சை முடிந்தால் போதும், புத்தகத்தை மூட்டை கட்டி விடலாம்' என்று நினைப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படி நினைத்தவள்தான்! பாப்பம்மாள் பாட்டிக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. மார்க் போட ஆள் இல்லை. ஆனாலும் போய்க் கற்றுக் கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக் கொண்டு கேட்பதில் அவர் வெட்கப்படவில்லை.

மண்ணுக்கும் பசிக்கும்!

தன் நிலத்தில் ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் அவர் பயிர் செய்தார். வாழை, வெண்டை, சோளம், கொள்ளு, பாசிப்பயறு என்று பலவகைப் பயிர்கள் விளைந்தன.

இதில் கொள்ளையும் பாசிப்பயறையும் கவனியுங்கள். நம் வீட்டில் கொள்ளு என்றால் பருப்புக் கடைவது, ரசம் வைப்பதுதான் ஞாபகம் வரும். நிலத்துக்கும் அது ஒரு சாப்பாடு. கொள்ளுச் செடியை மெதுவாக வேரோடு எடுத்துப் பார்த்தால், வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் ரைசோபியம் என்ற நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன் அல்லவா? அதைச் செடிகளால் நேராக எடுத்துக் கொள்ள முடியாது. இந்த நுண்ணுயிரிகள் அதைப் பிடித்து, செடி சாப்பிடும் விதமாக மாற்றிக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அவற்றுக்கு உணவு கொடுக்கும். அறுவடைக்குப் பிறகு வேரும் இலையும் மண்ணோடு மக்கினால், அந்தச் சத்து அடுத்த பயிருக்குக் கிடைக்கும்.

நுண்ணுயிரியின் பெயர் நம் ஊர்ப் பாட்டிமாருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், 'சோளக்காட்டுல அடுத்து ஒரு பயறு போட்டாத்தான் மண்ணு தேறும்' என்று அவர்களுக்குத் தெரியும். என் அம்மிச்சி இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார். பாட்டி பலனைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு நல்லது! பாப்பம்மாள் பாட்டி செய்தது அதைத்தான். ஒரு கையில் பழைய அறிவு, மறு கையில் பல்கலைக்கழகம்.

அவ்வளவு வயது எப்படி வாழ்ந்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்பீர்கள். பாட்டி விடியற்காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். காபி, டீ கிடையாது, வெந்நீர்தான். காய்கறி, கீரை நிறைய. சாப்பாடு இலையில். அப்புறம், அவருக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? மட்டன் பிரியாணி! உங்களைப் போலத்தான்!

தேடி வந்த விருது

2021 ஜனவரியில் மத்திய அரசு பத்ம விருதுகளை அறிவித்தது. அதில் தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கு, விவசாயத்துக்காக பத்மஸ்ரீ விருது. அப்போது அவருக்கு நூறு வயதைத் தாண்டி விட்டது. அடுத்த மாதம், பிப்ரவரி 25-ஆம் தேதி கோவைக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி அவரைச் சந்தித்து வணங்கினார். அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது.

2024 செப்டம்பர் 27-ஆம் தேதி பாப்பம்மாள் பாட்டி காலமானார். வயது 109 என்று செய்தித்தாள்கள் எழுதின. பிரதமரும் தமிழக முதல்வரும் இரங்கல் தெரிவித்தார்கள்.

எனக்கு ஒரு எண்ணம் வந்தது, குழந்தைகளே. நூறு வயது வரை அவர் வாழ்ந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எழுபது வயதிலும் அவர் அதே பாப்பம்மாள்தான். அதே கணக்கு, அதே நிலம், அதே உழைப்பு. ஆனால் நமக்குத் தெரிந்திருக்காது. அப்படியானால், விருது தேடி வராத எத்தனை பாட்டிகள் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்?

இன்னும் இரண்டு கோவைப் பாட்டிகள்!

* யோகா பாட்டி நானம்மாள்: 1920-இல் பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அப்பாவிடம் யோகாசனம் கற்றார். கோவை கணபதியில் வாழ்ந்து, பல தலைமுறைக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். 90 வயதைத் தாண்டியும் வில்லாக வளைந்து ஆசனம் செய்வார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில், 99 வயதில் காலமானார்.

* இட்லிப் பாட்டி கமலாத்தாள்: ஆலாந்துறை அருகே வடிவேலம்பாளையத்தைச் சேர்ந்தவர். விறகடுப்பில் இட்லி சுட்டு, பல ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்றவர். 2019-இல் நாடு முழுவதும் இவரைப் பற்றித் தெரிந்தது. விலையை ஏற்றினால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு வயிறு நிறையாது என்பதுதான் இவருடைய லாப நஷ்டக் கணக்கு.

மீதி எட்டு வரி

அந்த மாணவனை அப்படியே விட்டு விட்டேனே! அவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

அன்று அவனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். 'ஆத்தா, சின்ன வயதில் என்ன விளையாடுவீர்கள்? நம் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத எந்த வேலை உங்களுக்குத் தெரியும்? மிகவும் கஷ்டமான நாள் எது?' இவ்வளவுதான். "ராத்திரி ஆத்தா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு வா" என்றேன்.

மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றான். நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தான்.

அவனுடைய ஆத்தாவுக்கு நாற்பது ஆட்டில் எது யாருடைய குட்டி என்று குரலை வைத்தே தெரியுமாம். குட்டி வயிற்றுக்குள் திரும்பிக் கொண்டால், ஆடு சாகாமல் குட்டியை எடுக்கத் தெரியுமாம். இதற்காக ராத்திரியில் கூட ஊரார் லாந்தர் எடுத்துக் கொண்டு வந்து கூப்பிடுவார்களாம். கத்தாழை நாரில் கயிறு திரிக்கத் தெரியுமாம். சின்ன வயதில் தம்பியைப் பார்த்துக் கொள்ள ஆள் இல்லாததால்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லையாம். மற்ற பிள்ளைகள் சிலேட்டோடு போவதைப் பார்த்துக் கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்து வாசலில் நிற்பாராம். அதுதான் அவருடைய கஷ்டமான நாள். ஒரு நாள் அல்ல, தினமும்.

"பத்து வரி பத்தலீங் டீச்சர்" என்றான் அவன். முந்தைய நாள் எழுதிய இரண்டாவது வரியை அவனே அடித்திருந்தான். முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது. 'எங்க ஆத்தா படிக்கவில்லை.' அது உண்மைதானே! அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவனுக்குப் புரிந்து விட்டது.

என் அம்மிச்சியிடம் நான் இப்படி உட்கார்ந்து கேட்கவில்லை. பூசணி விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கும்போது, அம்மிச்சி ஏதோ ஒரு செடியை எரித்த சாம்பலைக் கலப்பார். ஒரு விதை கூடப் பூச்சி அரிக்காது. அது என்ன செடி? எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது கேட்பதற்கு அம்மிச்சி இல்லை. பள்ளிக்கூட வாசலில் அன்று நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவும் முடியாது.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, செல்லங்களே!

இந்த ஞாயிற்றுக்கிழமை டிவியையும் செல்போனையும் கொஞ்ச நேரம் நிறுத்தி விட்டு, பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். பாட்டி வெளியூரில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பாட்டி இல்லையென்றால், பக்கத்து வீட்டுப் பாட்டி சந்தோஷமாகப் பேசுவார். அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் பேசப் பேச ஒரு நோட்டில் எழுதுங்கள். மேலே பாட்டியின் முழுப் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் எழுத மறக்காதீர்கள். உங்களில் பலருக்குப் பாட்டியின் முழுப் பெயரே தெரியாது என்று எனக்குத் தெரியும்!

எழுதி முடித்ததும் பாட்டிக்கே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும், தப்பு இருந்தால் திருத்துவார் பாருங்கள்.

சரி, இப்போது மறுபடியும் கேட்கிறேன். உங்கள் பாட்டிக்கு என்னவெல்லாம் தெரியும்?